உறக்கமும் ஊதியமும்: கைத்தொழிற் புரட்சிக் காலத்து இங்கிலாந்துக் குழந்தைகள்

உறக்கம் உயிர்கள் யாவற்றுக்கும் இயற்கை பொதுவாக அளித்த கொடை என்பர். அஃது உண்மையே. ஆயின் அக்கொடையைத் துய்ப்பதற்கு வேண்டிய நேரமும் இடமும் அமைதியும் யாவர்க்கும் பொதுவாக அமைந்தன என்று கூறுதல் இயலாது. ஒரு குழந்தை எப்பொழுது படுக்கைக்குச் செல்கின்றது, எத்தனை பேருடன் படுக்கின்றது, எவ்வொலி கேட்டுக் கண் விழிக்கின்றது என்பன அதன் குடும்பத்தின் வருவாயையும் சமூக நிலையையும் பெரிதும் சார்ந்தவை. இதனைத் தெளிவுறக் காட்டும் வரலாற்றுச் சான்றுகள் கைத்தொழிற் புரட்சிக் காலத்து இங்கிலாந்திலே மிகுதியாகக் கிடைக்கின்றன. அவற்றுட் சிலவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆலைகள் தோன்றுமுன்னரும் ஏழைக் குழந்தைகள் உழைத்தனர். குடிசைகளில் தந்தை தறியில் நெய்ய, தாய் நூல் நூற்க, பிள்ளைகள் பஞ்சைச் சிக்கெடுத்துக் கொடுத்தனர். ஆயினும் அவ்வேலை பெரும்பாலும் பகலொளியையும் வீட்டாரின் வசதியையும் அனுசரித்து நடந்தது. 1771ஆம் ஆண்டில் றிச்சாட் ஆர்க்ரைற் என்பார் குறோம்போட் என்னுமிடத்தில் நீராற்றலால் இயங்கும் நூற்பாலையை நிறுவியபின் நிலைமை மாறலாயிற்று. நீர்ச்சக்கரத்துக்கு இரவும் பகலும் ஒன்றே. பெரும் பொருள் கொடுத்து நிறுவிய பொறிகளை இரவிலே வாளா நிறுத்தி வைப்பது முதலாளிகளுக்கு நட்டமாகத் தோன்றிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயு விளக்கும் ஆலைகளிற் புகுந்தது.

இம்மாற்றத்தின் முதற்பலியானோர், கோயிற்பற்றுக்களின் ஏழையர் இல்லங்களிலிருந்து தொழில் பயிலுநராக ஆலைகளுக்கு அனுப்பப்பட்ட ஆதரவற்ற சிறுவர்களே. சில ஆலைகளில் இவர்கள் இரு கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டம் வேலைக்கு எழ, மறு கூட்டம் அதே படுக்கையிற் சாய்ந்தது. மூத்த றொபேட் பீல் முயன்று நிறைவேற்றிய 1802ஆம் ஆண்டுச் சட்டம் இப்பயிலுநரின் வேலையை நாளொன்றுக்கு 12 மணித்தியாலமாக வரையறுத்து, இரவு வேலையையும் விலக்க முனைந்தது. ஒரு படுக்கையில் இருவருக்கு மேற்படுத்தல் கூடாதென்றும் விதித்தது. ஆயின், பெற்றோருடன் வாழ்ந்துகொண்டு ஆலைக்குச் சென்ற பிள்ளைகளை அச்சட்டம் காக்கவில்லை. அவர்களைக் காக்கப் பெற்றோர் இருக்கின்றனர் என்பதே அக்காலத்தார் எண்ணம்.

பெற்றோரால் அது முடிந்ததா? 1832இல் மைக்கேல் தொமஸ் சாட்லரைத் தலைவராகக் கொண்ட பாராளுமன்றக் குழுவின் முன் சாமுவேல் கூல்சன் என்னும் தந்தை அளித்த சாட்சியம் இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது. அவருடைய பெண்மக்கள் வழக்கமான காலத்தில் காலை 6 மணி முதல் இரவு 8½ மணி வரை ஆலையில் உழைத்தனர். வேலை நெருக்கடி மிகுந்த ஏறக்குறைய 6 வார காலத்திலோ அதிகாலை 3 மணி முதல் இரவு 10 மணி வரை உழைத்தனர். வீடு மீண்டு, சிறிது உணவு கொண்டு, படுக்கும்பொழுது மணி 11 ஆகும். மீண்டும் 2 மணிக்கு அவர்களை எழுப்பி உடுத்துதல் வேண்டும். உறங்கிய நிலையிலேயே தூக்கியெடுத்து உலுக்கி எழுப்பவேண்டியிருந்தது. குறித்த நேரத்தில் எழுப்பத் தவறிவிடுவோமோ என்றஞ்சித் தாய் இரவு முழுதும் விழித்திருந்தாள். வழக்கமான வேலைக்கு ஒவ்வொருவரும் வாரத்துக்கு 3 சிலிங் பெற்றனர். இந்நெடுநேர வேலைக்கு அவர்கள் பெற்றது 3 சிலிங் 7½ பென்சு. நாடோறும் இழந்த 4½ மணித்தியால ஓய்வுக்கு வாரத்திற்கு ஈடாகக் கிடைத்தது 7½ பென்சே!

சாட்லர் குழுவின் சாட்சியங்கள் ஒருபக்கச் சார்புடையன என்று ஆலை முதலாளிகள் கண்டித்தனர். அதன் பயனாகவே 1833இல் அரச ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. குழந்தைகளை வேலைக்கு அனுப்பும் பெற்றோரே குற்றவாளிகள் என்ற வாதமும் அக்காலத்தில் ஓங்கி ஒலித்தது. பிள்ளைகளின் கூலியைப் பேராசையால் விரும்பிய பெற்றோரும் இருந்திருக்கலாம். ஆயின் கைத்தறி நெசவாளரின் வருவாய் ஆண்டுதோறும் வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பிள்ளையின் சில சிலிங்குகள் இல்லையேல் அடுப்பெரியாத வீடுகள் பல. இரவெல்லாம் விழித்திருந்த தாயை அன்பற்றவள் என்று யார் கூறுவர்? அன்பு அங்கே இருந்தது. அவ்வன்பைச் செயற்படுத்தும் ஆற்றலே இல்லை.

வேலைக்குச் செல்லாத கைக்குழந்தைகளின் உறக்கமும் இச்சூழலுக்குத் தப்பவில்லை. தாய் ஆலைக்குச் செல்ல, குழந்தை அயலிலுள்ள முதியவளிடமோ ஒரு சிறுமியிடமோ விடப்பட்டது. அழும் குழந்தையை அமைதிப்படுத்த ‘கொட்பிறி’ப் பானம் போன்ற மருந்துகள் மலிவாக விற்கப்பட்டன. அபினைப் பாகுடன் கலந்து செய்த அப்பானம் குழந்தையை உறங்கவைத்தது; சிலவேளைகளில் அவ்வுறக்கத்திலிருந்து குழந்தை மீளவேயில்லை. மூத்த பிள்ளைக்கு உறக்கத்தை மறுத்த அதே வறுமை, இளைய பிள்ளைக்கு உறக்கத்தை நஞ்சாக ஊட்டியது. அபின் விற்பனையை ஓரளவு கட்டுப்படுத்திய 1868ஆம் ஆண்டு மருந்தாளர் சட்டமும் இத்தகைய ‘பேற்றன்ற்’ மருந்துகளுக்கு விலக்கு அளித்தது.

வீடுகளின் நிலையும் கருதத்தக்கது. எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட சுகாதார அறிக்கை, தொழிலாளர் குடும்பங்கள் காற்றோட்டமற்ற சிற்றறைகளில் நெருங்கி உறங்கியதை விரித்துரைத்தது. செல்வர் இல்லங்களிலோ குழந்தைகளுக்குத் தனியறையும் செவிலியும் வரையறுத்த படுக்கை நேரமும் இருந்தன. அவ்வில்லங்களில் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய பணிப்பெண்களுட் பலர் தாமே சிறுமியராயிருந்தனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இழந்த இரவைக் குழந்தைகளுக்கு மீட்டளித்தது படிப்படியாக வந்த சட்டமே. 1833ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகள் பெரும்பாலானவற்றில் 9 வயதுக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துவதை விலக்கியது. 18 வயதுக்குட்பட்டோர்க்கு இரவு 8½ முதற் காலை 5½ மணி வரை வேலை கூடாதென்றது. அதனைக் கண்காணிக்க நான்கு பரிசோதகரையும் நியமித்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் சிறு பிள்ளைகளின் வேலையை ஏறக்குறைய அரைநாளாகக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பாடசாலைக்கு வழிசெய்தது. 1880இற் கல்வி கட்டாயமாக்கப்பட்டது. எனினும் பிள்ளைகள் விடியற்காலையிற் பால் கொண்டு செல்வதும் பத்திரிகை விற்பதும் நின்றபாடில்லை. ஆகவே 1903ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயதுக்குட்பட்டோரை இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் வேலைக்கமர்த்தலாகாது எனப் பொதுவிதி வகுத்தது. அதன் பின்னரும், ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளின் உறக்கத்தை ஆராய்ந்த அலிஸ் றேவன்ஹில் அம்மையார், அவர்கள் வேண்டிய அளவினும் குறைவாகவே உறங்கினர் என்று எடுத்துக்காட்டினார்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? உறக்கம் பற்றி அறிவுரை கூறுதல் எளிது. உறங்குவதற்குரிய வாழ்வை அமைத்தல் அரிது. சட்டம் வேலை நேரத்தைக் குறைத்தது. ஆயின் போதிய ஊதியமும் தக்க வீடும் பாடசாலையும் உடன்வந்தபொழுதே அது வீடுகளில் முழுப்பயன் விளைத்தது. வகுப்பறையிற் கண்ணயரும் மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அவன் நேற்றிரவு எங்கே, எப்பொழுது, எவ்வாறு உறங்கினான் என்று வினாவுவது ஆசிரியர் கடன். அவ்வினாவைச் சென்ற தலைமுறைகளிற் சிலர் கேட்டமையாலேயே பல்லாயிரம் குழந்தைகளுக்கு இரவு மீண்டும் இரவாயிற்று.