கண்மாய்ச் சூழல்: இலுப்பூர் வட்டாரம்

புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் வட்டாரத்தில் மழைநீரைத் தேக்கும் கண்மாய்களும் அவற்றைச் சார்ந்த உயிர்ச்சூழலும். வற்றாத ஆறு இல்லாத இந்நிலத்துக்கு வெயில், காற்று, செம்மண், வண்டல், வடகிழக்குப் பருவமழை ஆகிய உயிரற்ற கூறுகளே முதல். அவற்றிலிருந்து உணவு ஆக்கும் உற்பத்தியாளர்கள் நீரில் பாசி, அல்லி, தாமரை, ஆயக்கட்டில் நெல், கரையில் பனை, கருவேலம், இலுப்பை. கண்மாய், பேச்சு வழக்கில் ‘கம்மா’. ‘கண்வாய்’ என்பதே மூலச்சொல் என்பர் சிலர். அது முடிந்த முடிபன்று.

இலுப்பை: ஊர்ப்பெயர் இம்மரத்தால் வந்தது என்பது பொதுக்கருத்து. கோடைத் தொடக்கத்தில் இலை உதிர்ந்த கிளைகளில் பூக்கும். வெளிர்மஞ்சள் நிறச் சதைப்பூக்கள் இரவோடு இரவாக உதிர்ந்து, விடியலில் மரத்தடியில் இனிப்பு வாடையுடன் கிடக்கும். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது பழமொழி. எண்ணெய் கோயில் விளக்குக்கு. புண்ணாக்கு தலை தேய்த்துக் குளிக்க. அதே புண்ணாக்கை நீரில் கரைத்தால் மீன் மயங்கி மிதக்கும்.

வரலாறு: இவ்வட்டாரத்துச் சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டம் குகையிலுள்ள தமிழி (தமிழ்ப் பிராமி) கல்வெட்டு தொன்மையானது, ஆனால் அது குளங்களைப் பேசுவதில்லை.

இடைக்காலச் சான்றுகள் மிகுதி. கண்மாய்க்குள் நின்று நீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பின் கல்தூண்கள் சிலவற்றில் செய்வித்தவர் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. அதன் அடைப்பான குமிழை உயர்த்தினால் மேலே நீரோடித்துளை வழியே நீரும், தரைமட்டச் சேறோடித்துளைகள் வழியே வண்டலும் சுரங்கக்காலில் கலந்து வெளியேறும். கண்மாய் தூர்வதும் குறைந்தது, வயலுக்கு உரமும் கிடைத்தது.

இடைக்காலத்தின் சிறந்த சான்று சித்தன்னவாசல் குடைவரையின் விதான ஓவியம். தாமரைக்குளம், மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர் எனக் குளத்தைச் சார்ந்த உயிர்கள் பலவும் அதில் உண்டு. விரிந்த பூவோடு மொட்டும், நிமிர்ந்த இலையோடு புரண்ட இலையும் விடுபடவில்லை. வெண்மை சுண்ணாம்பு, சிவப்பும் மஞ்சளும் காவிமண், உயிருள்ள குளத்துக்கு உயிரற்ற மண்ணே நிறம் தருகிறது. முதலில் இவ்வோவியத்தை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது என்றனர். பின்னர் கிடைத்த கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் செய்த திருப்பணியைக் கூறுகிறது. அடியில் பழைய ஓவியப்படலம் இருந்ததாகவும் கருதுவர். ஓவியத்திலுள்ள குளம், சமணத் தீர்த்தங்கரர் அறவுரை கூறும் அவையான சமவசரணத்தில் ஒரு பகுதி எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

பின்னர் தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கண்மாய்ப் பாசனம் தொடர்ந்தது. சமஸ்தானம் 1948இல் இந்தியாவுடன் இணைந்தது.

அண்மைக்காலம்: சீமைக்கருவேலம் நீர்ப்பிடிப்புகளில் பரவியது. மாவட்டக் காடுகளில் நடப்பட்ட தைலமரம் நிலத்தடி நீரைக் குறைக்கிறது என்பது விவசாயிகளின் குறை. வனத்தோட்டத் தரப்பு இதை முழுமையாக ஏற்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் மாவட்டத்தின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது.

சித்தன்னவாசல் ஓவியக்குளம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கண்மாய்களில் பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன.