அரிவாள்

அரிவாள்: பயிரையும் மரக்கிளையையும் அறுக்க உபயோகப்படும், வளைந்த அலகுடைய கைக்கருவி, தமிழ்நாட்டு உழவுத் தொழிலில் மண்வெட்டிக்கு நிகரான பிரதான ஸ்தானம் பெற்றது.

தொழிலுக்கும் பிரதேசத்துக்கும் ஏற்ப இதன் வடிவமும் பெயரும் வேறுபடும். நெல்லறுக்கும் கருக்கரிவாள் அல்லது பன்னரிவாள் மெல்லிய அலகுடையது. அதன் உள்விளிம்பில் கொல்லர் வெட்டிய நுண்ணிய பற்கள், அறுப்போர் இடக்கையால் பற்றிய தாளை வழுக்கவிடாது பிடித்து, தம்பால் இழுக்குங்கால் அறுத்துவிடும். தேய்ந்த பற்களை மீண்டும் வெட்டிக்கொள்வதும் உண்டு.

விறகு பிளக்கவும் வேலிமுள் வெட்டவும் பயன்படும் வெட்டரிவாள் கனத்த முதுகும் கொக்கிபோல் வளைந்த நுனியும் கொண்டது. கொங்கு நாட்டில் இதனைக் கொடுவாள் என்பர். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி, பழைய வண்டிகளின் வில்பட்டையைக் காய்ச்சி அடித்துச் செய்யும் அரிவாளுக்குப் பிரசித்தி பெற்றது. தென்மாவட்டப் பனையேறிகளின் பாளை அரிவாள், பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவவேண்டியிருத்தலின், மிகவும் கூர்மையாகத் தீட்டப்பெறும். மரமேறுங்கால் அதனை இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டியில் செருகிக்கொள்வர்.

எட்டாத கிளையினின்று ஆட்டுக்குத் தழை ஒடிக்க, நீண்ட கழியின் நுனியில் வளைந்த அலகைப் பொருத்திய சாதனம் தமிழ்நாட்டில் துறட்டி எனவும், யாழ்ப்பாணத்தில் கொக்கச்சத்தகம் எனவும் வழங்கும்.

அறுவடை இயந்திரம் பரவியதனால் கருக்கரிவாளின் உபயோகம் பெரிதும் குறைந்துவிட்டதெனினும், இயந்திரம் இறங்கமாட்டாத சேற்று வயல்களிலும் சாய்ந்த பயிரிலும் அதுவே இன்றும் கைகொடுக்கிறது.