இரவல் போய்ப் பிழைத்த புத்தகம்

வேல்ஸ் நாட்டுப் பழங்கதைகளில் ஒன்று ‘ரோனப்வியின் கனவு’. படைவீரன் ஒருவன் மஞ்சள் கன்றுத் தோலின்மேல் படுத்து உறங்கிப்போக, கனவில் ஆர்தர் மன்னனின் பாசறை விரிகிறது. குதிரைகளின் நிறம், அங்கிகளின் கரை, ஆயுதங்களின் வேலைப்பாடு என்று வருணனை அடுக்கடுக்காகப் போகும். முடிவில் கதைசொல்லியே கையை விரித்துவிடுகிறான்: இத்தனை நிறங்களையும் நினைவிலிருந்து சொல்ல எந்தப் புலவனாலும் ஆகாது, புத்தகம் வேண்டும் என்கிறான். அந்தக் கதைக்கு இடைக்காலப் பிரதி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அதைத் தாங்கி நிற்கும் ஏட்டுக்குப் பெயர் ‘ஹெர்கெஸ்டின் சிவப்புப் புத்தகம்’.

ஹெர்கெஸ்ட் இங்கிலாந்தில், எல்லையை ஒட்டிய கிங்டன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மாளிகை. புத்தகம் பிறந்தது அங்கே அல்ல. தென் வேல்ஸில், ஸ்வான்சீ அருகே ஹோப்கின் ஆப் தோமஸ் என்ற பிரபு இருந்தார். 1282இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டுடனான போரில் வேல்ஸ் தன் கடைசி இளவரசரை இழந்தபின் புலவர்களுக்கு அரசவை இல்லாமல் போனது. இனி பாட வேண்டுமானால் பிரபுக்களின் வீடுதான். விருந்தும் பரிசும் தந்து அவர்களைத் தாங்கிய புரவலர்களில் ஹோப்கின் ஒருவர். அவரைப் புகழ்ந்த பாட்டுகள் இந்தப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

1382க்குப் பின், ஹோப்கினுக்காக என்று கருதப்படும் இந்தப் புத்தகத்தின் எழுத்து வேலை தொடங்கியது. மூன்று எழுத்தர்கள், பெரும்பங்கு ஹவெல் வஹன் என்பவருடையது. அவர் எழுதிய வேறொரு ஏடு இன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருக்கிறது. அதில் தன் பெயரைச் சொல்லி, எஜமானர் ஹோப்கினுக்காக எழுதியதாகவும் குறித்துவைத்திருக்கிறார். சிவப்புப் புத்தகத்தின் ஏடுகள் பதப்படுத்திய விலங்குத் தோல். உயரம் சுமார் 34 செ.மீ., அகலம் 21 செ.மீ.; பக்கத்துக்கு இரண்டு பத்தியாக எழுத்து. அரசர் வரலாறு, மாபினோகியன் எனப்படும் வேல்ஸ் பழங்கதைகள், பழமொழிகள், இலக்கணம், முத்வை ஊர் மருத்துவர்களின் கைமருந்துகள், இளவரசர் காலத்துப் பழம்பாடல்கள் எல்லாம் உள்ளே. வசைப்பாட்டுகளும் உண்டு. புரவலர் வீட்டுத் தொகுப்பில் புகழ்ச்சி மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துத் திறப்பவருக்கு அந்தப் பக்கங்கள் நல்ல பாடம்.

ஹோப்கினுக்குக் குறி சொல்பவர் என்ற பெயரும் இருந்தது. 1403இல் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் கிளிந்தூர் கார்மார்த்தனை வளைத்திருந்தபோது அவரை வரவழைத்துத் தன் கதி என்னவென்று கேட்டார். கார்மார்த்தனுக்கும் கோவர் பகுதிக்கும் இடையே கருங்கொடியின் கீழ்ப் பிடிபடுவீர்கள் என்றார் ஹோப்கின். கிளிந்தூர் அந்தத் திசைக்கே போகவில்லை.

ஹோப்கினின் குடும்பம் அடுத்த கிளர்ச்சியில் சிக்கியது. அவர் வழிவந்த ஒருவர் நான்காம் எட்வர்டுக்கு எதிராகப் போனதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1465இல் சொத்து பறிமுதலானது. அதில் பங்கு பெற்றவர்களில் ஒருவர் ட்ரெடவர் மாளிகையின் சர் ரோஜர் வான். புத்தகமும் அப்போதுதான் கைமாறியது என்று கருதுகிறார்கள். ரோஜர் லேசுப்பட்டவர் அல்ல. 1461இல் எதிரணியைச் சேர்ந்த ஓவன் டியூடரைக் கொலைக்களத்துக்கு இட்டுச் சென்றவர் என்று அவர்மேல் பழி உண்டு. பத்து ஆண்டு கழித்து, ஓவனின் மகன் ஜாஸ்பர் டியூடர் செப்ஸ்டோவில் ரோஜரின் தலையை வாங்கினார்.

புத்தகத்துக்குப் பெயர் தந்த ஹெர்கெஸ்ட், ரோஜரின் சகோதரர் வீடு. அங்கிருந்த தாமஸ் வான் 1469இல் எட்ஜ்கோட் போரில் இறந்தார். அவரும் மனைவி எலனும் கிங்டன் தேவாலயத்தில் வெண்சலவைக் கல்லில் படுத்திருக்கிறார்கள். தன் சகோதரனைக் கொன்றவனை எலன் வில்வித்தைப் போட்டியில் ஆண்வேடமிட்டுப் போய் அம்பெய்து கொன்றாள் என்பது ஊர்க்கதை. இந்த வான் குடும்பங்களின் செல்லப் புலவர் லூயிஸ் க்ளின் கோதி. அவருடைய பாட்டுகள் பின்னால் இந்தப் புத்தகத்திலும் ஏறின. முதல் புரவலரைப் பாடிய அதே தோல் ஏடுகளுக்கு இடையில், அவர் சொத்தைப் பெற்ற குடும்பத்தின் புகழும் எழுதப்பட்டது. ஏட்டுக்கு இதில் வெட்கம் இல்லை.

பிறகு லட்லோ கோட்டையில் எல்லைப்புற ஆட்சிமன்றத் தலைவராக இருந்த சர் ஹென்றி சிட்னியிடம் அது சிலகாலம் இருந்ததாகத் தெரிகிறது. அவருடைய பேத்தி கேத்தரினை மணந்தவர் மார்கத்தின் சர் லூயிஸ் மான்சல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தகம் அவர் கையில். கல்யாணத்தோடு வந்த சீராக இருக்கலாம். 1634இல் அகராதி அறிஞர் ஜான் டேவிஸ் அதை இரவல் வாங்கிப் படித்தார், திருப்பியும் கொடுத்தார். அடுத்து வாங்கியவர் அவ்வளவு நல்லவர் அல்ல. தாமஸ் வில்கின்ஸ் என்ற பாதிரியார், பழஞ்சுவடிப் பித்தர், வாங்கியதைத் திருப்பித் தரவே இல்லை. 1699இல் அவர் இறந்தார். 1701இல் அதே பெயர் கொண்ட அவர் மகன், அப்பா வாங்கி வைத்திருந்ததை ஆக்ஸ்போர்டின் ஜீசஸ் கல்லூரிக்குத் தானம் செய்தார்.

இதைத் திருட்டு என்றே சொல்லலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஹெர்கெஸ்டில் ‘வெள்ளைப் புத்தகம்’ என்று இன்னொன்றும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் புதிதாகக் கட்டித் தரச்சொல்லி லண்டனுக்கு அனுப்பினார்கள். கட்டும் கடையில் தீப்பிடித்துச் சாம்பலானது. சிவப்புப் புத்தகம் திரும்பிப் போயிருக்க வேண்டிய வீடும் நிலைக்கவில்லை: மார்கத்தின் மான்சல் பிரபுப் பட்டம் 1750இல் ஆண்வாரிசு இல்லாமல் முடிந்தது.

கல்லூரியில் அடங்கிய பிறகு புத்தகம் வெளியே வந்தது பிரதி வழியாக. புலவர் டெகிட் எடுத்துத் தந்த பிரதியிலிருந்து சார்லட் கெஸ்ட் சீமாட்டி 1838 முதல் 1849 வரை மாபினோகியனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1887இல் ஜான் ரீஸும் க்வெனோக்வ்ரின் எவான்ஸும் கதைகளை எழுத்து மாறாமல் அச்சிட்டனர். பாடல்களை எவான்ஸ் 1911இல் கொண்டுவந்தார்.

கல்லூரியின் 111ஆம் எண் சுவடியாக அது இன்று போட்லியன் நூலகத்தின் காப்பில் இருக்கிறது. ஏடுகளின் படங்களை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். யாரிடமும் இரவல் கேட்க வேண்டியதில்லை.