கல்லில் எஞ்சிய நாடு: தென்னாப்பிரிக்கக் கோனி மக்களின் இடப்பெயர்வும் வரலாற்று மறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

தென்னாப்பிரிக்காவின் ம்புமலாங்கா மலைச்சரிவில் கோனி மக்கள் ஏறத்தாழ 1500 முதல் 1820கள் வரை கற்சுவர்க் குடியிருப்புகளையும் படிவயல்களையும் அமைத்து வாழ்ந்தனர். போர், குடியேற்றம், நிலச்சட்டம் ஆகியவற்றால் அவர்கள் நிலத்தை இழந்தனர். பின்னர், அக்கட்டுமானங்களை எழுப்பியவர்கள் அவர்களே என்பதும் மறுக்கப்பட்டது. இவ்விரு இழப்புகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தியதை இக்கட்டுரை விளக்குகிறது. மறுப்புக் கருதுகோள்களுள் ஒன்று திராவிடரை முன்னிறுத்துவதால், தமிழாய்வுலகம் அதனை எவ்வாறு அணுக வேண்டும் என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கோனி, பொகோனி, பெடி, படிவயல், நிலமீட்பு, சொல்லொப்புமை

முன்னுரை

வடக்கே ஓரிக்ஸ்டாட் முதல் தெற்கே கரோலினா வரை சுமார் 150 கி.மீ. நீளத்திற்குக் கற்சுவர் எச்சங்கள் பரவிக் கிடக்கின்றன. இந்நிலப்பகுதி ‘பொகோனி’, அதாவது கோனியரின் நாடு, என வழங்கப்படுகிறது. ரெவில் மேசன் 1960களில் வான்வழிப் படங்களைக் கொண்டு இவ்வெச்சங்களின் பரப்பை வெளிப்படுத்தினார். எவர்ஸ், காலெட் ஆகியோரின் அகழாய்வுகள் அதனைத் தொடர்ந்தன. பீட்டர் டீலியஸ், டிம் மேக்ஸ், அலெக்ஸ் ஷூமன் ஆகியோர் தொல்லியல் சான்றுகளை வாய்மொழி மரபுகளோடும் எழுத்தாவணங்களோடும் இணைத்து 2014இல் நூலொன்றை வெளியிட்டனர். இம்மூவகைச் சான்றுகளின் இணைவே கோனியர் வரலாற்றுக்கு அடித்தளமாகும்.

வாழ்வியல்

கோனியரின் மனை வட்டவடிவமானது. நடுவில் மாட்டுப்பட்டி, அதனைச் சுற்றிக் குடில்கள், வெளியே கற்சுவர் என்பது பொது அமைப்பு. இருபுறமும் சுவரெழுப்பிய பாதைகள் மனைகளைப் புறத்தேயுள்ள மேய்ச்சல் நிலத்தோடு இணைத்தன. கால்நடை பயிரை மேயாதபடி இப்பாதைகள் காத்தன. சரிவுகளில் கல்லடுக்கிய படிவயல்கள் மண்ணரிப்பைத் தடுத்தன. பட்டியும் வயலும் அருகருகே அமைந்த இவ்வமைப்பு, உழவும் கால்நடை வளர்ப்பும் இணைந்த வேளாண்முறையைக் காட்டுகிறது. லைடன்பர்க்கை அடுத்த பூம்பிளாட்ஸில் பாறைகளில் செதுக்கப்பட்டுள்ள குடியிருப்பு வரைவுகள் இம்மனைகளின் வடிவத்தையே ஒத்துள்ளன. கட்டியவர் யார் என்னும் வினாவில் இது கருதத்தக்க சான்றாகும்.

‘கோனி’ என்பது ஒற்றைக் குலத்தின் பெயரன்று. இங்குனி மொழிகளின் ‘ங்குனி’ என்பதற்குச் சோத்தோ மொழிகளில் நேரான வடிவம் ‘கோனி’ அல்லது ‘கோனே’ என்பர். மூக்கொலியோடு கூடிய மெய் சோத்தோவில் வல்லொலியாவது முறையான ஒலிமாற்றமாகும். வாய்மொழி மரபுகளின்படி, இம்மக்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து இம்மலைச்சரிவில் ஒன்றுகலந்தவர்கள்.

இடப்பெயர்வின் படிநிலைகள்

இடப்பெயர்வு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் டெலகோவா விரிகுடா வழியாக நடந்த தந்த வணிகம் உள்நாட்டு அரசுகளிடையே போட்டியைக் கூர்மையாக்கியது. மரோட்டெங் மரபினரின் தலைமையிலான பெடி அரசு வலுப்பெற்றுக் கோனியர்மீது மேலாண்மை செலுத்தியது. இக்காலத்தின் பிற்பகுதியில் கோனியரின் குடியிருப்புத் தெரிவும் மாறியது. முன்னர் திறந்த பள்ளத்தாக்குகளில் விரிந்திருந்த ஊர்களுக்கு மாறாக, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத மலையிடுக்குகளில் சிறு குடியிருப்புகள் எழுந்தன. அச்சத்தின் வரலாறு கட்டடக் கலையிலேயே பதிவாகியுள்ளது எனலாம்.

1820களில் வெளிப்படைகளின் தாக்குதலால் பெடி அரசு சிதைந்தது. அவ்வெற்றிடத்தில் மரங்ராங் என்னும் கோனித் தலைவன் சிதறிய மக்களைத் திரட்டி எழுந்தான். பெடி அரசைப் புதுப்பித்த செக்வாட்டியின் தரப்பினரால் அவன் கொல்லப்பட்டான். அதன்பின் கோனியருள் பலர் பெடி அரசின் குடிகளாயினர்.

1845இல் போயர்கள் ஓரிக்ஸ்டாட்டை நிறுவினர். 1846இல் ஸ்வாசி அரசரோடு செய்த உடன்பாட்டைக் காட்டி, ஒலிஃபண்ட்ஸ் ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்திற்கு உரிமை கோரினர். அங்கு வாழ்ந்தோரின் இசைவு இதற்கு அடிப்படையாகவில்லை. ஓரிக்ஸ்டாட்டில் மலேரியாவுக்குப் பலரை இழந்த போயர்கள், அடுத்து நிறுவிய ஊருக்குத் ‘துன்பத்தின் ஊர்’ என்னும் பொருளில் லைடன்பர்க் எனப் பெயரிட்டனர். நிலவரைபடத்தில் குடியேறியோரின் துயரம் பெயர்பெற்றது. கோனியரின் துயரம் பெயர்பெறவில்லை.

சட்டமும் காலவரம்பும்

1913ஆம் ஆண்டின் நிலச்சட்டம் கறுப்பின மக்களின் நிலவுரிமையை நாட்டின் ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்குள் அடக்கியது. 1936ஆம் ஆண்டின் சட்டம் அதனைச் சுமார் 13 விழுக்காடாக உயர்த்த வகைசெய்தது. மலைச்சரிவின் பெரும்பகுதி வெள்ளையர் பண்ணையாகவே நீடித்தது. முன்னோர் நிலத்திலேயே, குடியிருக்கும் உரிமைக்கு ஈடாக உழைப்பைத் தரும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர்.

1994ஆம் ஆண்டின் நிலமீட்புச் சட்டம், 1913 ஜூன் 19க்குப் பின் இனப்பாகுபாட்டுச் சட்டங்களாலோ நடைமுறைகளாலோ நிலமிழந்தோர்க்கே உரிமை வழங்குகிறது. எனவே 1820கள், 1840கள் ஆகிய காலங்களின் இழப்பு சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிற்கிறது. பிற்காலத்தில் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டோர் வழக்காட இயலும். பொகோனி என்னும் நாட்டை இழந்ததற்கு வழக்கில்லை. அந்நிலையில், இக்கற்சுவர்கள் எம் முன்னோர் எழுப்பியவை என்னும் வரலாற்றுக் கூற்றே இம்மக்களிடம் எஞ்சியிருப்பது.

படைப்புரிமை மறுப்பும் திராவிடக் கருதுகோளும்

அக்கூற்றும் மறுக்கப்பட்டுள்ளது. மைக்கேல் டெலிங்கர் போன்றோர் இவ்வெச்சங்களைப் பல்லாயிரம் ஆண்டுப் பழமையுடைய, வேற்றுலகத்தார் தொடர்புடைய நாகரிகத்திற்கு உரியனவாக்கினர். தமிழாய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டியது சிரில் ஹ்ரோம்னிக்கின் கருத்தாகும். 1981இல் வெளிவந்த ‘இந்தோ-ஆப்பிரிக்கா’ நூலிலும் பிற எழுத்துகளிலும், பொன் தேடி வந்த இந்தியரே தென்னாப்பிரிக்கப் பண்பாட்டு வளர்ச்சிக்குக் காரணம் என அவர் வாதிட்டார். கொமாட்டி ஆற்றின் பெயரைத் தென்னிந்திய வணிகச் சமூகமான கோமட்டியோடு இணைத்தார். மார்ட்டின் ஹாலும் போர்லண்டும் 1982இலேயே இந்நூலின் வாதங்களை மறுத்துரைத்தனர்.

இத்தகைய ஒப்புமை தமிழ் வாசகருக்கு இனிக்கக்கூடியது. ‘கோனி’ என்பதைக் ‘கோன்’ என்பதோடும் இணைத்துவிடலாம். கோன் என்பதற்கு அரசன், ஆயன் ஆகிய பொருள்கள் இருப்பதால், மாடு வளர்த்த மக்களுக்கு அது பொருந்துவதாகவும் தோன்றும். ஆயினும் முறையான ஒலிமாற்றம், சான்றுடைய தொடர்பு, அகழாய்வுப் பொருள் ஆகிய மூன்றும் இல்லாதவிடத்துச் சொல்லொப்புமை சான்றாகாது. கோனி என்னும் சொல்லுக்கு ஆப்பிரிக்க மொழிகளுக்குள்ளேயே விளக்கம் கிடைக்கிறது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வரலாறு ஆவணங்களில் உறுதியாக உள்ளது. தென்னாப்பிரிக்காவில் தமிழர்க்கு இடமுண்டு எனக் காட்டப் பிறர் கட்டிய சுவர்கள் தேவையில்லை.

முடிவுரை

கோனியரின் நிலம் முதலில் போராலும் பின்னர் உடன்பாட்டாலும் சட்டத்தாலும் பறிபோனது. படைப்புரிமை மறுப்பு இவ்விழப்புக்கு நியாயம் கற்பிக்கிறது. கட்டியவர்கள் அயலார் எனில், வெளியேற்றப்பட்டோர் எதையும் இழக்கவில்லை என்றாகிவிடும். தம் தொன்மை பிறரால் குறைத்து மதிப்பிடப்படுவதை எதிர்த்து எழுதிவரும் தமிழாய்வுலகம், அதே அளவுகோலைப் பொகோனிக்கும் பொருத்துதல் வேண்டும். திராவிடக் கருதுகோளைச் சான்றின்றி மேற்கோளாக எடுத்தாள்வது, நிலமிழந்த மக்களிடமிருந்து அவர்தம் முன்னோரின் உழைப்பையும் பறிப்பதாகவே முடியும்.