பகுதி முழங்கால் மாற்று: எத்தனை ஆண்டு தாங்கும்?

முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான உறைதான் குருத்தெலும்பு. அதற்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே, தேய்ந்தால் பழையபடி வளர்வது அரிது. நீண்ட காலம் குந்தியும் மண்டியிட்டும் பாரம் தூக்கியும் வேலை செய்தவர்களுக்கு இந்தத் தேய்மானம் கூடுதலாக வருகிறது. பால்மரம் வெட்டியவர்களும் செம்பனைக் குலை சுமந்தவர்களும் இதை நன்கு அறிவார்கள்.

முழங்காலில் மூன்று பகுதிகள் உண்டு: உட்பக்கம், வெளிப்பக்கம், முட்டிச் சில்லின் அடிப்பகுதி. தேய்மானம் ஒரு பகுதியில் மட்டும் இருந்தால் முழு மூட்டையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பகுதியை மட்டும் உலோகத்தாலும் பிளாஸ்டிக்காலும் மூடலாம். இதுவே பகுதி முழங்கால் மாற்று.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. முழு மாற்று மூட்டுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. பகுதி மாற்றில் அது சுமார் 70 விழுக்காடு. அதாவது, பகுதி மாற்று செய்த பத்துப் பேரில் மூவருக்கு அக்காலத்திற்குள் மறு அறுவை தேவைப்படலாம்.

இந்த எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது. பகுதி மாற்றை முழு மாற்றாக மாற்றுவது பெரும்பாலும் எளிது. அதனால், வலி தொடர்ந்தால் மருத்துவர்கள் மறு அறுவைக்கு விரைவில் சம்மதிக்கிறார்கள். பிரிட்டனில் 528 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், ஐந்தாண்டுக்குப் பிறகு இரு பிரிவினரின் வலியும் நடமாட்டமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. செலவு பகுதி மாற்றில் குறைவு.

இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. பகுதி மாற்றில் மறு அறுவை ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு ஆகியவை குறைவு. மருத்துவமனையில் தங்கும் நாளும் குறைவு.

சிறிய உலோக மூடி

குருத்தெலும்பில் இருபது சென் நாணயம் அளவுக்கே குழி விழுந்தவர்களுக்கு, அந்த இடத்தை மட்டும் மூடும் சிறு உலோக மூடியும் உண்டு. பெரும்பாலும் நடுவயதினருக்கே இது பொருத்தப்படுகிறது. எதிரே உள்ள குருத்தெலும்பை உலோகம் தேய்ப்பதும், மூட்டின் மற்ற பகுதிகளில் தேய்மானம் பரவுவதும் இதன் குறைபாடுகள். ஆஸ்திரேலியப் பதிவேட்டில் இதற்கான மறு அறுவை விகிதம் ஒரு பக்கம் முழுவதையும் மாற்றும் சிகிச்சையைவிட அதிகம்.

யாருக்குப் பொருந்தும்?

தேய்மானம் ஒரு பகுதியில் மட்டும் இருக்க வேண்டும். மூட்டைத் தாங்கும் தசைநார்கள் உறுதியாக இருக்க வேண்டும். மூட்டு முழுவதையும் தாக்கும் ரூமாட்டாய்ட் வாதம் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல.

வயதும் முக்கியம். எழுபது வயதுக்காரருக்கு, பொருத்திய மூட்டே வாழ்நாள் முழுதும் போதுமானதாக இருக்கலாம். ஐம்பது வயதுக்காரருக்கோ இன்னும் முப்பது ஆண்டுகள் நடக்க வேண்டியிருக்கும். அவர் இரண்டாவது அறுவையையும் மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

நீரிழிவு நம் சமூகத்தில் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அறுவைக்குப் பின் கிருமித்தொற்று அபாயம் கூடும். உடல் எடையைக் குறைப்பதும் தொடைத் தசைகளுக்கான பயிற்சியும் எல்லாருக்கும் உதவும். சிலருக்கு அதனாலேயே அறுவையைத் தள்ளிப்போட முடிகிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• தேய்மானம் ஒரு பகுதியில் மட்டும்தானா?
• இந்த அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்? அடிக்கடி செய்பவர்களிடம் மறு அறுவை குறைவு என்பதைப் பதிவேடுகள் காட்டுகின்றன.
• சம்மணமிட்டு உட்காரவும் குந்தவும் முடியுமா?
• பிற்காலத்தில் மறு அறுவை தேவைப்பட்டால் என்ன செய்வீர்கள், அதற்கு எவ்வளவு செலவாகும்?

பகுதி மாற்று உடலுக்கு இலகுவானது. ஆனால் மறு அறுவைக்கான வாய்ப்பு கூடுதல். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவது நல்லது.