பார்த்தே கண்டுபிடித்தவர்கள்

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்துவந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817இல் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் போட்டார். மொத்தம் 66 பக்கம். அதில் வரும் நோயாளிகள் ஆறே பேர். அந்த ஆறு பேரில் இருவர் தெருவில் தற்செயலாக எதிர்ப்பட்டவர்கள். இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. சும்மா இருக்கும்போது ஆடும் கை, முன்பக்கம் சாய்ந்த உடம்பு, நடக்கத் தொடங்கினால் தானாக ஓட்டமாகிவிடும் நடை என்று அவர் எழுதிவைத்ததெல்லாம் கண்ணால் கண்டவை. தொட்டுப் பார்க்காததால் ஒன்று கைநழுவியது. அந்த நோயாளிகளின் கைகால்கள் விறைத்துப்போயிருக்கும் என்பது அவர் நூலில் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் பாரிஸின் ழான் மார்ட்டின் ஷார்கோ. 1862இல் அவர் பொறுப்பேற்ற சால்பெத்ரியேர் மருத்துவமனையில், வேறு போக்கிடம் இல்லாத ஆயிரக்கணக்கான பெண்கள் வருடக்கணக்கில் கிடந்தார்கள். ஏழைகளின் கிடங்கு என்றே அதைச் சொல்லலாம். ஆனால் இத்தனை நடுக்கங்களை ஒரே கூரையின் கீழ் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அதற்கு முன் எந்த மருத்துவருக்கும் கிடைத்ததில்லை. மடியில் கிடக்கும்போது ஆடும் கை ஒரு ரகம். எதையாவது எடுக்கப் போகும்போது ஆடும் கை வேறு ரகம் என்று அவர் பிரித்தார். தலை தானாக ஆடுகிறதா, உடம்பின் ஆட்டம்தான் தலைக்கு ஏறுகிறதா என்று தெரிந்துகொள்ள நோயாளியின் தலையில் இறகு சூட்டி, அது அசையும் விதத்தைக் கவனித்தார். முதல் ரக நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டியதும் அவரே. இன்றும் கை நடுக்கம் என்று போனால், கையை மடியில் வைக்கச் சொல்லிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பிறகு மூக்கைத் தொடச் சொல்வார் நரம்பியல் மருத்துவர். எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

பெர்லினில் மோரிட்ஸ் ரோம்பெர்க் கவனித்தது இன்னும் எளிது. 1840களில் அவர் எழுதிய நூலில், தண்டுவடம் கெட்ட நோயாளிகள் கண்ணை மூடி நிற்கச் சொன்னால் தள்ளாடுவதைக் குறித்திருந்தார். முகம் கழுவக் குனிந்து கண்ணை மூடும்போதும் இருட்டில் நடக்கும்போதும் அவர்களுக்குத் தடுமாற்றம் வரும். கால் எங்கே இருக்கிறது என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேராததால், கண்ணை நம்பியே நிற்கிறவர்கள் அவர்கள்.

சுத்தியல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதைப்பதை 1875இல் வில்ஹெல்ம் எர்பும் கார்ல் வெஸ்ட்பாலும் ஒரே இதழில் தனித்தனியே எழுதினார்கள். சிஃபிலிஸ் தண்டுவடத்தைத் தாக்கியவர்களிடம் அந்த உதை இருக்காது என்று வெஸ்ட்பால் கண்டார். முக்கோண ரப்பர் தலை வைத்த சுத்தியலை 1888இல் பிலடெல்பியாவின் ஜான் மேடிசன் டெய்லர் வடிவமைத்தார். லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையின் சுத்தியல் இன்னும் சுவாரசியமானது. அங்கே செவிலியராக இருந்த வின்டில், ஒரு சிறு பித்தளைச் சக்கரத்தைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டி, நீண்ட மூங்கில் குச்சியில் செருகி, இளம் மருத்துவர்களுக்கு விற்றுவந்தார். அந்த வளையம், கருப்பை இறங்கிய பெண்களுக்கு உள்ளே பொருத்துவது! வட்டத் தலையும் நீண்ட பிடியுமாக அதே வடிவம் இன்றும் நம் ஊர் மருத்துவர்களின் மேசையில் கிடக்கிறது, குச்சி மட்டும் பிளாஸ்டிக்காகிவிட்டது.

நரம்புப் பழுதைக் கண்டுபிடிக்கச் சுத்தியல்கூட வேண்டாம் என்று காட்டியவர் ஷார்கோவின் மாணவர் ஜோசப் பாபின்ஸ்கி. 1896 பிப்ரவரியில் பாரிஸில் அவர் வாசித்த குறிப்பு வெறும் 28 வரி. குதிகாலிலிருந்து விரலை நோக்கி உள்ளங்காலின் ஓரமாகக் கீறினால், ஆரோக்கியமான பெரியவருக்குப் பெருவிரல் கீழே மடங்கும். மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் பாதை பழுதானவருக்கு அது மெதுவாக மேலே எழும். கைக்குழந்தைகளுக்கும் அப்படித்தான், அந்தப் பாதை இன்னும் முழுதாக விளையாததால். கால் வரவில்லை என்கிறவரை நடிக்கிறார் என்றோ மனக்கோளாறு என்றோ ஒதுக்கிவிடுவது அக்காலத்தில் சுலபம். பெருவிரலை நினைத்தபடி அப்படி எழுப்பி நடிக்க முடியாது.

நம் பக்கம் இந்தத் தொழில் வேரூன்றியதும் ஸ்கேன் இல்லாத காலத்தில்தான். 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மதராஸ் பெரியாஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தி. சிடி ஸ்கேனில் முதல் நோயாளி படுத்தது 1971இல், அதுவும் லண்டனில். அதுவரை கட்டி தலையின் எந்தப் பக்கம் என்பதை, எந்தக் கை சோர்ந்திருக்கிறது, எந்தக் கண்மணி விரிந்திருக்கிறது, வலிப்பு எந்த விரலில் தொடங்கியது என்று பார்த்தும் கேட்டும் ஊகித்து, காற்றோ சாயமோ செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் சரிபார்த்துக்கொண்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இத்தனை நுட்பமாகக் கண்டுபிடித்தவர்களால் பெரும்பாலான நோய்களுக்குப் பெயர் சொல்ல முடிந்ததே ஒழிய மருந்து சொல்ல முடியவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு லெவோடோபா மருந்தின் பலன் தெளிவாகத் தெரிந்தது 1967இல், அந்தச் சிறு நூல் வந்து 150 ஆண்டு கழித்து. பக்கவாதத்தின் கதை இன்னும் புதிது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் அந்த வரம்பு நாலரை மணிக்கு நீண்டது. நிதானமாகக் குறிப்பெடுத்துவந்த ஒரு தொழிலுக்குத் திடீரென்று கடிகாரம் வந்துவிட்டது.

அதனால் அடையாளம் காணும் வேலை மருத்துவர் கையைவிட்டு வெளியே வந்தது. 1998இல் பிரிட்டனில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக மூன்று சோதனைகளைச் சுருக்கிக் கொடுத்தார்கள்: சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கைகளில் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா. திடீரென்று இவற்றில் ஒன்று வந்தாலே போதும், அடுத்த வார அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்ப வேண்டும். சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அப்படியே. அவசரப் பிரிவில் கூட வந்தவரிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், எழுந்த நேரம் கணக்கில் வராது. படுக்கப் போன நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.