பஞ்சச் சாவுக் கணக்கு பிறந்த கதை

தாது வருஷப் பஞ்சம் என்ற பெயர் சேலம், நாமக்கல் சீமையில் இன்னும் வழக்கில் இருக்கிறது. 1876இல் மழை பொய்த்தது. கம்பையும் கேழ்வரகையும் சோளத்தையும் நம்பியிருந்த மேட்டுக்காடுகள் கருகின. சாவு உச்சத்துக்குப் போனதென்னவோ அடுத்து வந்த ஈசுவர வருஷத்தில். பெயர் மட்டும் தாதுவோடு நின்றுவிட்டது. அன்று நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாமே சேலம் ஜில்லாவுக்குள் அடக்கம்.

அந்தப் பஞ்சத்தில் எத்தனை பேர் செத்தார்கள்? இந்தக் கேள்வியைப் பிடிவாதமாகக் கேட்டது பல்கலைக்கழகம் அல்ல, ஓர் உள்ளூர்ச் சுகாதார அலுவலகம். சென்னை மாகாணத்தின் சானிட்டரி கமிஷனராக இருந்தவர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். இந்த மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சிறையில் ஒரு கைதிக்கு எவ்வளவு சோறு வேண்டும் என்று 1860களிலேயே ஆராய்ந்தவர். சென்னை மாகாணத்தின் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் அவரே. பஞ்சம் வந்தபோது, பஞ்சத்துக்கு முன் ஊர் எப்படி இருந்தது என்ற கணக்கு அவர் கையில் இருந்தது. என்னைக் கேட்டால், கதையின் உயிர்நாடி இதுதான்.

1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டனின் தூதராக சர் ரிச்சர்டு டெம்பிள் வந்தார். நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அரை அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உழைக்கும் உடம்புக்கு அது பற்றாது என்று கார்னிஷ் எதிர்த்தார். சிறைக் கைதிக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்பதை எண்களோடு எழுதினார். இருவரின் வாதமும் அரசுக் கடிதங்களில் பல வாரம் நடந்தது. சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது.

சாவைக் கணக்கிடுவது இன்னும் கடினமாக இருந்தது. கிராமத்தில் சாவைப் பதிவது மணியக்காரர் பொறுப்பு. சாவுப் பதிவில் காலராவுக்கு ஒரு கட்டம், அம்மைக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று, காயத்துக்கு ஒன்று, கடைசியில் 'மற்றவை'. பட்டினிக்குக் கட்டம் கிடையாது. பசியில் எலும்பாகிப் பேதி கண்டு செத்தவர் பேதிக் கட்டத்துக்குள் போனார். கஞ்சித் தொட்டியைத் தேடி நடந்து, பெரிய சாலையோரம் விழுந்தவரை எந்த ஊர் மணியக்காரர் எழுதுவார்? சொந்த ஊரில் அவர் 'ஊரைவிட்டுப் போனவர்'. விழுந்த ஊரில் பெயர் தெரியாத பிணம்.

பதிவை மட்டும் நம்பினால் உண்மை தெரியாது என்று கார்னிஷுக்குப் புரிந்தது. 1878இல், பஞ்சம் பாதித்த ஜில்லாக்களில் சில பகுதிகளை மட்டும் எடுத்து மறுபடி தலை எண்ணிப் பார்த்தார்கள். அதை 1871 கணக்கோடு ஒப்பிட்டார்கள். பேரிடருக்கு முன்னும் பின்னும் எண்ணி, இடைவெளியை அளக்கும் வேலை இது. 1881இல் வந்த முழுக் கணக்கெடுப்பும் அந்தப் பள்ளத்தைக் காட்டியது. சேலம் ஜில்லாவில் 1871இல் 19,66,995 பேர். பத்தாண்டில் அது 15,99,595 ஆயிற்று. 3,67,400 பேர் குறைவு. எல்லோரும் செத்தவர்கள் அல்லர். புலம்பெயர்ந்தவர்களும், பிறக்காமலே போன பிள்ளைகளும் இதில் உண்டு.

அந்த அலுவலகத்தின் வாரிசாகத்தான் பிறகு பொதுச் சுகாதாரத் துறை உருவாயிற்று. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தது. ஊரோடு இருக்கும் இத்தகைய துறையின் பலன் 2004 டிசம்பர் 26 சுனாமியில் தெரிந்தது. மூன்றாம் நாள், 29ஆம் தேதி, பாதித்த ஊர்களில் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். மறுநாளே கடலூர் மாவட்டத்திலிருந்து தட்டம்மை பரவுவதாகத் தகவல் வந்தது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் விசாரணையில் இறங்கியது. கிருமி தொற்றித் தடிப்பு தெரிய ஏறக்குறைய 2 வாரம் ஆகும். ஆக, நாலாம் நாளில் தெரிந்த தட்டம்மை அலைக்கு முன்பே ஊருக்குள் வந்திருக்க வேண்டும். எந்த வீட்டில், எந்தப் பிள்ளைக்கு, எந்தத் தேதியில் தடிப்பு என்று விசாரித்தால்தான் இதைச் சொல்ல முடியும். அப்படி விசாரிக்க அந்த ஊரை அறிந்த சுகாதாரப் பணியாளர் வேண்டும். வெளியூரிலிருந்து வரும் ஆய்வுக் குழு, எத்தனை கெட்டிக்காரர்கள் ஆனாலும், பேரிடருக்கு முந்தைய நாளை அறியாது.

வறட்சியும் வெயிலும் நம் மண்ணை விட்டுப் போய்விடவில்லை; அவற்றால் வரும் சாவும் பதிவில் இருந்தால்தான் கணக்கில் வரும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சாவு நேர்ந்தால் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். பதியும்போது காரணத்தை மழுப்பாமல் சொல்லுங்கள்: வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தாரா, எத்தனை நாள் காய்ச்சல், எந்தத் தண்ணீர் குடித்தார் என்று.